வியட்நாம் டிக்கெட்டுக்கு முன்னால் பாலிசியின் விலக்குப் பக்கத்தைப் பிரியுங்கள்

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் சேலம் அம்மாப்பேட்டை. நான் அரசுப் பள்ளி ஆசிரியை, கணவர் ஜவுளி வியாபாரம். காலாண்டு விடுமுறையில் நான், கணவர், மாமனார் மூவரும் டூர் கம்பெனி எதுவும் இல்லாமல் நாங்களே ஏற்பாடு செய்து வியட்நாம் போகலாம் என்றிருக்கிறோம். பெங்களூரிலிருந்து கோலாலம்பூர் ஒரு விமானம், அங்கிருந்து டா நாங் வேறு கம்பெனி விமானம், இப்படித் தனித்தனியாகப் போட்டால் ஆளுக்கு 6,000 ரூபாய் மிச்சமாகிறது. மாமனாருக்கு 67 வயது. சர்க்கரை, பிரஷர் உண்டு. 2 வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தோம், இப்போது நன்றாக இருக்கிறார். கணவர் அங்கே ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து ஹாய் வான் கணவாய் போக வேண்டும் என்கிறார். டிக்கெட் போடும் பக்கத்திலேயே 499 ரூபாய்க்கு டிராவல் இன்சூரன்ஸ் காட்டுகிறது, அதை டிக் செய்தால் போதுமா? டிக்கெட் ஆஃபர் இந்த வாரத்தோடு முடிகிறது. ஸ்டென்ட் வைத்ததைச் சொல்லாமல் விட்டால் பிரீமியம் குறையும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: வணக்கம் சகோதரி. கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அதுதான். ஸ்டென்ட்டை மறைக்காதீர்கள். சர்க்கரையையும் பிரஷரையும்கூட மறைக்க வேண்டாம். எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று உங்களுக்குச் சொன்னவர் நினைத்திருக்கலாம். கண்டுபிடிக்கவே தேவையில்லை, நாமே சொல்லிவிடுவோம். வெளியூரில் பெரியவருக்கு நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் டாக்டர் முதலில் கேட்பது, இதற்கு முன்னால் என்ன பிரச்சினை, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதுதான். அந்த நேரத்தில் உண்மையைத்தான் சொல்வோம், சொல்லியே ஆக வேண்டும், உயிர் விஷயம். அது கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே ஏறிவிடும். கிளெய்முக்கு அந்தக் கேஸ் ஷீட்டைத்தான் கம்பெனி கேட்கும். புரொபோசல் ஃபார்மில் 'எந்த நோயும் இல்லை' என்று இருக்கும், கேஸ் ஷீட்டில் 'ஸ்டென்ட் வைத்து 2 வருடம்' என்று இருக்கும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதோடு முடிந்தது. சூரமங்கலத்தில் ஒரு குடும்பம் இப்படித்தான், பிரஷர் மாத்திரை பெரிய விஷயமா என்று விட்டுவிட்டார்கள். சிங்கப்பூரில் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து, பில் முழுவதையும் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கட்டினார்கள். அவர்கள் ஏமாற்ற நினைத்தவர்களே இல்லை.

சரி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் எல்லாம் கிடைத்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. இங்கேதான் விலக்குப் பக்கம் வருகிறது. ஏஜென்ட்டுகள் 'எக்ஸ்க்ளூஷன்' என்போம். எதற்கெல்லாம் பணம் தர மாட்டோம் என்று கம்பெனியே எழுதி வைத்திருக்கும் பகுதி. விளம்பரத் தாளில் 'ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் கவரேஜ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பாலிசி வேர்டிங்கை, அதாவது நிபந்தனைகள் எல்லாம் உள்ள முழு ஆவணத்தை எடுத்துப் பார்த்தால் அதே விஷயம் இப்படி இருக்கும்: ஏற்கெனவே உள்ள நோயால் உயிருக்கு ஆபத்து என்ற அவசர நிலை வந்தால் மட்டும், அதுவும் நோயாளியின் நிலை சீராகும் வரை மட்டும், அதுவும் இத்தனை டாலர் வரை மட்டும். இந்த மூன்று 'மட்டும்'களையும் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படியுங்கள். பாலிசி 50,000 டாலருக்கு இருக்கும், ஆனால் மாமனாரின் இதயத்துக்கு அதில் ஒரு சின்னப் பங்குதான் ஒதுக்கியிருப்பார்கள். ஏற்கெனவே உள்ள நோய் என்றால் என்ன என்பதற்கும் ஒரு வரையறை உண்டு: பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் டாக்டர் கண்டுபிடித்த அல்லது சிகிச்சை சொன்ன எதுவும் அதில் அடங்கும். 2024-க்கு முன்னால் இது 48 மாதமாக இருந்தது. தினமும் மாத்திரை போடுகிறவர் எப்போதுமே இந்த 36 மாதத்துக்குள்தான் இருப்பார், 'பிரஷர் வந்து பதினைந்து வருடம் ஆச்சு, அது பழசு' என்ற கணக்கு செல்லாது.

60 வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில திட்டங்களில் ரூம் வாடகை ஒரு நாளுக்கு இவ்வளவு, ஐசியு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று தனித்தனி உச்சவரம்பு வைத்திருப்பார்கள். உங்களுக்கும் கணவருக்கும் அந்த வரம்பு இருக்காது, மாமனாருக்கு மட்டும் இருக்கும், ஒரே பாலிசிதானே என்று யாரும் கவனிப்பதில்லை. அதனால் அவருக்கு மட்டும் தனியாக ஒரு சீனியர் திட்டம், ஏற்கெனவே உள்ள நோய்க்கான வரம்பு கூடுதலாக உள்ளதாகப் பார்த்து எடுங்கள். பிரீமியம் நிச்சயம் கூடும், கொடுங்கள். மூன்று பேர் பயணத்தில் பெரிய செலவு வர வாய்ப்புள்ள இடம் அது ஒன்றுதான்.

அப்புறம் கிளம்புவதற்கு முன் அவருடைய இதய டாக்டரிடம் போய், இந்தத் தேதியில் விமானத்தில் இந்த ஊருக்குப் போகிறார், போகலாமா என்று கேட்டு ஒரு சான்றிதழ் வாங்கி வையுங்கள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் பயணம் செய்தால் கவரேஜ் இல்லை என்பது ஏறக்குறைய எல்லாப் பாலிசிகளிலும் உள்ள விலக்கு. அந்தச் சான்றிதழ் அதற்கும் உதவும், உங்கள் மனசுக்கும் நல்லது. இதையும் டிக்கெட் போடுவதற்கு முன்னால் செய்யுங்கள், டாக்டர் 'இன்னும் ஆறு மாசம் போகட்டும்' என்றால் ஒரு பைசா நஷ்டமில்லாமல் தள்ளிப் போடலாம்.

நான் உங்களுக்குச் சொல்ல வருவது இந்த வரிசையைத்தான். எல்லோரும் டிக்கெட் போட்டு, ஹோட்டல் போட்டு, விசா வாங்கி, கிளம்புவதற்கு முதல் நாள் இரவு ஏதோ ஒரு இன்சூரன்ஸ் எடுக்கிறார்கள். அப்போது விலக்குப் பக்கத்தைப் படித்து என்ன பயன், எதையும் மாற்ற முடியாது. பணம் கட்டுவதற்கு முன்னால் படித்தால் ஒவ்வொரு விலக்கும் உங்கள் திட்டத்தில் எதை மாற்ற வேண்டும் என்று சொல்லித் தரும். டூர் கம்பெனியோடு போனால் விமானம் தப்பினாலும் ஹோட்டல் குளறுபடியானாலும் போன் போட்டுச் சத்தம் போட ஒரு ஆள் இருப்பார். தானே ஏற்பாடு செய்து போகிறவருக்கு அந்த ஆளும் இல்லை, எந்த இழப்பு தன் தலையில் விழும் என்று அவர்தான் முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

உங்கள் டிக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் விமானம் நாலு மணி நேரம் தாமதமானால், டா நாங் போகும் இரண்டாவது கம்பெனிக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. அவர்கள் கணக்கில் நீங்கள் 'வராத பயணி', அந்த டிக்கெட் காலி. அதே டிக்கெட்டில் திரும்பி வரும் விமானமும் இருந்தால் சில கம்பெனிகள் அதையும் சேர்த்து ரத்து செய்துவிடும். ஒரே பிஎன்ஆரில் டா நாங் வரை போட்டிருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமானக் கம்பெனியின் பொறுப்பு. சரி, இன்சூரன்ஸ் தருமா என்றால், 'மிஸ்டு கனெக்‌ஷன்' என்ற பிரிவைப் படியுங்கள். பல பாலிசிகளில் இரண்டு விமானங்களுக்கும் நடுவே குறைந்தது இத்தனை மணி நேரம் இருக்க வேண்டும், தாமதம் இத்தனை மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டும், சிலவற்றில் இரண்டும் ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். கோலாலம்பூரில் வேறு சிக்கலும் உண்டு. அந்த விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலிலோ பஸ்ஸிலோதான் போக வேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை முன்பே நிரப்பி, இமிகிரேஷன் வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, முனையம் மாறி, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், அதையும் 67 வயதுக்காரரைக் கூட்டிக்கொண்டு. மூன்று பேருக்கும் சேர்த்து மிச்சம் 18,000 ரூபாய். ஒரே ஒருமுறை விமானம் தப்பினால் கடைசி நிமிடத்தில் மூன்று புது டிக்கெட் என்ன விலைக்கு வரும் என்று இப்போதே நாளைய தேதிக்குத் தேடிப் பாருங்கள், முடிவு உங்களுக்கே தெரியும். அப்படியும் தனித்தனியாகத்தான் போடுவோம் என்றால் கோலாலம்பூரில் ஒரு இரவு தங்குகிற மாதிரிப் போடுங்கள்.

சேலத்துக்காரர்களுக்கென்றே ஒன்று. நாம் விமானத்தைத் தப்ப விடுவது பெரும்பாலும் தொப்பூர் கணவாயில்தான். அங்கே ஒரு லாரி கவிழ்ந்தால் எத்தனை நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தாண்டினாலும் ஓசூர், சில்க் போர்டு, அப்புறம் மொத்த பெங்களூரையும் கடந்து வடக்கே தேவனஹள்ளி போக வேண்டும். ரோட்டு நெரிசலால் முதல் விமானத்தையே தவறவிட்டால் நம் ஊர் டிராவல் பாலிசிகள் பொதுவாகத் தருவதில்லை. முந்தின நாளே போய்த் தங்கும் செலவையும் சேர்த்துத்தான் 'ஆஃபர்' டிக்கெட்டின் விலையைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இப்போது ஸ்கூட்டர். இதில் உங்கள் கணவருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குகிறவருக்கு ஹாய் வான் ஒரு பொருட்டே இல்லை. அது 500 மீட்டர் உயரம்கூட வராது, ஏற்காடு அதைப்போல மூன்று மடங்கு. அவர் ஓட்டும் திறமை பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, சிக்கல் லைசென்சில் இருக்கிறது. நம் ஆர்டிஓ ஆபீசில் கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி கொடுப்பது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தின்படி வரும் பெர்மிட்டை. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் இல்லை. ஆக, சேலத்தில் பணம் கட்டி வாங்கிய பெர்மிட் கையில் இருந்தாலும், அங்கே வாடகைக்குக் கிடைக்கும் வழக்கமான 110, 125 சிசி வண்டியை ஓட்டும்போது சட்டப்படி அவர் லைசென்ஸ் இல்லாதவர். வாடகைக் கடையில் யாரும் கேட்க மாட்டார்கள், பாஸ்போர்ட்டையோ முன்பணத்தையோ வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார்கள், அதனால்தான் நம்மவர்கள் 'அங்கெல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டாங்க' என்று வந்து சொல்கிறார்கள். விழுந்து கால் முறிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதால் வரும் காயம் என்பது நேரடியான விலக்கு, இதில் வாதாட இடமே இல்லை. எதிரில் வந்தவருக்கு அடிபட்டால் தனிநபர் பொறுப்புக்கான கவரேஜும் வராது, மோட்டார் வாகனம் சம்பந்தப்பட்ட பொறுப்பை அந்தப் பிரிவில் பொதுவாகவே சேர்ப்பதில்லை. வாடகைக்கு டிரைவரோடு கார் எடுங்கள். இல்லாவிட்டால் டா நாங்கிலிருந்து ஹுவேவுக்கு ரயிலில் போங்கள், அந்தப் பாதை மலைக்கும் கடலுக்கும் நடுவே ஹாய் வான் ஓரமாகவே வளைந்து போகும், மாமனாரும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்க்கலாம். வேறொருவர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போகும் மோட்டார் சைக்கிள் சவாரியும் அங்கே உண்டு; அதற்குக் கவரேஜ் உண்டா என்று கம்பெனியிடம் எழுதிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஹெல்மெட் போடாவிட்டாலும், ஒரு பீர் குடித்திருந்தாலும் அதையே காரணமாகக் காட்ட வாய்ப்பு இருக்கிறது. விடுமுறைதானே என்று அதில் அசட்டையாக இருக்க வேண்டாம்.

அடுத்து தேதி. மத்திய வியட்நாமில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் உள்ள காலம். 2025 அக்டோபர் கடைசியில் ஹுவே, ஹோய் ஆன் இரண்டும் வெள்ளத்தில் மூழ்கின. காலாண்டு விடுமுறை இந்தக் காலத்தின் தொடக்கத்தில் வருகிறது. போகவே கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் 'தெரிந்த நிகழ்வு' என்று ஒரு விலக்கு இருப்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்: புயல் உருவாகிச் செய்தியில் வந்த பிறகு பாலிசி எடுத்தால் அந்தப் புயலால் வரும் இழப்புக்குப் பணம் கிடைக்காது. கிளம்புவதற்கு முதல் நாள் பாலிசி எடுப்பவர்கள் மாட்டுவது இதில்தான். பயண ரத்துக்கான கவரேஜ், அது உள்ள பாலிசிகளில், வழக்கமாகப் பாலிசி எடுத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். மருத்துவக் கவரேஜ் நாட்டை விட்டுக் கிளம்பும்போதுதான் தொடங்கும். அதனால் டிக்கெட்டுக்கு முன் படிப்பது, டிக்கெட் போட்ட அன்றோ மறுநாளோ வாங்குவது, இதுதான் சரி.

ரத்து என்றதும் எந்தக் காரணத்துக்காக ரத்து செய்தாலும் பணம் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். பாலிசியில் பட்டியலிட்ட காரணங்களுக்கு மட்டும்தான்: பயணம் செய்பவருக்கோ நெருங்கிய குடும்பத்தினருக்கோ மரணம், ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு நோய், இந்த மாதிரி. நெருங்கிய குடும்பம் என்பதற்கும் வரையறைப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கும், உங்கள் அம்மா அதில் இருக்கிறாரா, மாமனார் இருக்கிறாரா என்று பாருங்கள். நீங்கள் அரசு ஆசிரியை. கடைசி நேரத்தில் லீவை ரத்து செய்தாலோ பயிற்சி வகுப்பு, தேர்தல் வேலை என்று கூப்பிட்டாலோ அதற்குப் பணம் கிடையாது. விசா மறுக்கப்பட்டாலும் பெரும்பாலான பாலிசிகளில் கிடையாது. இ-விசாவில் பெயர் பிழையாகி ஏர்போர்ட்டில் ஏற்ற மறுத்தாலும் கிடையாது. நம் ஊர்ப் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருப்பது சகஜம் என்பதால் மூன்று பேர் பாஸ்போர்ட்டையும் முன்னால் வைத்துக்கொண்டு டிக்கெட், விசா, பாலிசி மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஆபத்துகளுக்கெல்லாம் நல்ல தீர்வு இன்சூரன்சில் இல்லை, ஹோட்டல் போடும்போது இலவச ரத்து உள்ள அறையாகப் போடுவதில் இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அதைக் கொடுத்துவிடுங்கள்.

விமானக் கம்பெனியே மூடிவிட்டால்? ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது, இரண்டிலும் முன்பணம் கட்டியவர்கள் அலைந்தார்கள். கம்பெனி திவாலாவதைப் பெரும்பாலான பாலிசிகள் விலக்கி வைத்திருக்கும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கவாவது ஒரு வழி உண்டு, ஆகவே பெரிய தொகைகளை யுபிஐயில் கட்ட வேண்டாம்.

பெட்டி விஷயம் சின்னது. பாதிப் பொருள் காணவில்லை என்றால் பெரும்பாலும் வராது, செக்-இன் செய்த பெட்டி முழுதாகத் தொலைந்தால்தான். அதற்கும் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வருவதற்குள் விமானக் கம்பெனியிடம் எழுத்துப்பூர்வமான புகார்ச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும். நகையும் ரொக்கமும் எப்போதுமே விலக்குதான். சங்கிலியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இனி அந்த 499 ரூபாய். இந்த மாதிரி டிக்கெட் பக்கத்தில் டிக் செய்யும் பாலிசி பெரும்பாலும் குரூப் பாலிசி. உங்களுக்குச் சான்றிதழாக ஒரு தாள் வரும், முழு விலக்குப் பட்டியல் மூலப் பாலிசியில் இருக்கும். வயது வரம்பு என்ன, ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன, அவர்கள் விற்ற அந்த ஒரு விமானத்துக்கு மட்டுமா அல்லது மொத்தப் பயணத்துக்குமா, இதெல்லாம் அந்தச் சின்னக் கட்டத்தில் தெரியாது. மாமனாரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் அவருக்குக் கொடுக்கும் பாலிசியை நான் நம்ப மாட்டேன். டிக் செய்யாதீர்கள்.

அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். இரண்டு மூன்று கம்பெனிகளின் இணையதளத்தில் 'பாலிசி வேர்டிங்' என்ற முழு ஆவணத்தைத் தரவிறக்குங்கள். நாற்பது ஐம்பது பக்கம் இருக்கும், எல்லாம் படிக்க வேண்டியதில்லை. வரையறைகள், பொது விலக்குகள், ஒவ்வொரு பிரிவின் கீழும் தனியாக உள்ள விலக்குகள், டிடக்டிபிள், இந்த நான்கு இடம் போதும். டிடக்டிபிள் என்றால் முதலில் நாம் கட்ட வேண்டிய தொகை. அது 100 டாலர் என்றால் சாதாரணக் காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்த செலவு அதற்குள்ளேயே முடிந்துபோகும், கிளெய்முக்கு எதுவும் மிஞ்சாது. ஆவணத்தில் உள்ள யுஐஎன் எண்ணும் (திட்டத்தின் தனி அடையாள எண்) உங்களுக்கு விற்கும் திட்டத்தின் யுஐஎன் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், பெயர் ஒன்றாகவே இருந்து பதிப்பு மாறியிருக்கும்.

பிறகு கஸ்டமர் கேரில் போன் போட்டுக் கேட்பதோடு நிற்காமல் மின்னஞ்சல் அனுப்புங்கள். இவ்வளவு எழுதினால் போதும்: 'என் மாமனார், வயது 67, சர்க்கரை, ரத்த அழுத்தம் உண்டு, இந்த மாதம் இந்த வருடம் ஸ்டென்ட் வைத்தது. வியட்நாமில் அவருக்கு மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால் உங்கள் இந்தத் திட்டத்தில் அதிகபட்சம் எவ்வளவு டாலர் கிடைக்கும், எந்தப் பிரிவின்படி? தனித்தனி டிக்கெட்டில் போகும்போது முதல் விமானத் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால் கவரேஜ் உண்டா?' பதில் எழுத்தில் வரட்டும். நேரான பதில் தராத கம்பெனியை விட்டுவிடுங்கள். அந்தப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள், நாளைக்கு நியாயமில்லாமல் கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனியிடம் எழுத்தில் புகார் செய்து, ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளைக் கேட்பார்கள், ஆனால் கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போயிருக்க வேண்டும். அங்கேயும் கையில் இருக்கும் தாள்தான் பேசும்.

இந்த வார ஆஃபர் போனால் போகட்டும். மின்னஞ்சலுக்குப் பதில் வர நாலைந்து நாள் ஆகலாம், இதய டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவும் அவ்வளவு ஆகலாம். அதற்குள் பாலிசி வேர்டிங்கில் ஏதாவது பத்தி குழப்பினால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எந்தக் கம்பெனி, எந்தத் திட்டம் என்று சேர்த்து எழுதினால் பார்த்துச் சொல்கிறேன்.